ஞாயிற்றுக்கிழமை கெண்டை

"அப்பா பக்கத்துல தூண்டிலையும் வைக்கலாமாம்மா?" என்று கூடத்தில் கிடத்தியிருந்தவரைக் காட்டி மகள் கேட்டதும், அவள் அதை வெடுக்கென்று பிடுங்கிக் கொல்லைக்குக் கொண்டுபோய் எலுமிச்சை மரத்தில் சாய்த்தாள். சிறுநீரகம் போய்விட்டது என்ற டாக்டர் காரணம் சொல்லவில்லை. அவளிடம் காரணம் இருந்தது.

சாயப்பட்டறைக் கழிவு கலக்கும் ஆறு. 'இங்கு பிடிக்கும் மீனை உண்ண வேண்டாம்' என்று கரையில் பலகை வைத்து வருஷக்கணக்காகிறது. பஸ் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற மனுஷன் அதைச் சட்டை செய்ததாகவே தெரியவில்லை. ஞாயிறு தவறாமல், வாயில் தூண்டில் முள் குத்திய காயத்தோடு ஒரு கெண்டையைக் கொண்டுவந்து, திமிங்கிலத்தையே சாய்த்தவர் மாதிரி வாசலில் நிற்பார். அந்த முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு மனசு வராது. முந்தின நாளே கடையில் வாங்கி ஒளித்து வைத்த வளர்ப்பு மீனை வறுத்துப் போடுவாள். அவர் கொண்டுவந்தது எலுமிச்சை மரத்தடியில் குழிக்குள் போகும்.

ஆனால் மகளின் பிரசவத்துக்குப் போய் மாதக்கணக்கில் தங்கினாளே, அப்போது யார் மாற்றி வைத்தது? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மனுஷன் இன்றைக்கு இருந்திருப்பார்.

மீன்கடைக்காரி வந்தாள். அவரைப் பார்த்து விக்கி விக்கி அழுதவள், கொல்லையில் முகம் கழுவ வந்த இடத்தில் தூண்டிலைக் கண்டதும் களுக்கென்று சிரித்துவிட்டாள்.

"என்னம்மா சிரிக்கிற?" என்றாள், தண்ணீர் மொண்டு கொடுக்கக் கூடவே வந்தவள்.

"இனி மறைச்சு என்னக்கா ஆகப்போகுது? பலகை வச்ச அன்னிக்கே அண்ணன் அதைப் படிச்சுட்டாரு. ஆத்துல மாட்டுறதை அங்கயே விட்டுருவாரு. வீட்டுக்குக் கொண்டாந்தது பூரா எங்கடை மீனு. முள்ளால அதோட வாயில ஒரு குத்து வேற. வெறுங்கையோட போனா வீட்ல பாவமாப் பாப்பாங்கம்பாரு."

அவள் துவைகல்லில் உட்கார்ந்துவிட்டாள். "நான் வாங்கினதும் உன்கிட்டதானேடி?"

"அதே கூடைதான். சனிக்கிழமை உங்களுக்கு எந்த சைஸோ, அதே சைஸ்ல ஒண்ணை அவருக்கு எடுத்து வச்சிருவேன். சொல்லிரக் கூடாதுன்னு ரெண்டு பேரும் சத்தியம் வாங்கிட்டீங்க. நான் என்ன பண்ணட்டும்?"

"பாவி! அவ்வளவும் நல்ல மீனா?" என்றவள் சட்டென்று மீன்கடைக்காரியின் கையைப் பிடித்தாள். "நான் மக வீட்ல இருந்தேனே... அப்போ?"

"அப்ப அவரு மீனே தொடலக்கா. வாங்கலையாண்ணேன்னு கேட்டா, 'வீட்ல ஆள் இல்லையே, யார்கிட்ட பீத்திக்கிறது'ன்னுட்டுப் போயிருவாரு."

அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்படியும் தோள் குலுங்கியது. மகள் உள்ளிருந்து ஓடி வந்து, "அழாதம்மா, அழாத" என்று கட்டிக்கொண்டாள். அது சிரிப்பு என்று மகளுக்கு விளக்க அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து தூண்டிலை எடுத்தாள். உள்ளே கொண்டுபோய் அவர் கைப்பக்கமாக வைத்தாள். முள் அவர் விரலைப் பார்த்தபடி நீட்டிக்கொண்டிருந்தது. திரும்பவும் கொல்லைக்குப் போய் ஓர் எலுமிச்சம்பழம் பறித்து வந்து, குத்திவிடாமல் இருக்க முள்ளின் முனையை அதற்குள் செருகினாள்.