மூன்றாம் நம்பர் காக்கை

சுவிசேஷமுத்துவின் முதுகு யாருக்கும் வளைந்ததில்லை. தாலுகா ஆபீசில் இருந்த காலத்திலும் சரி, ஓய்வுபெற்ற பிறகும் சரி, பாளையங்கோட்டை முதல் சீவலப்பேரி வரை அவர் சொல்லுக்கு ஒரு மதிப்பு இருந்தது. அந்த மதிப்புக்காக அவர் விட்டுக்கொடுத்தது கூடப்பிறந்த தம்பியை.

அப்பா இறந்ததும் அவருடைய லைசென்ஸ் துப்பாக்கியைத் தம்பி எஸ்றா போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டான். சட்டப்படி சரிதான். ஆனால் மூத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து, கோவில் வாசலில் சபையார் பார்க்க, "இனிமே ஒன் மண்ணுல என் கால் படாது லே" என்றார் சுவிசேஷமுத்து. படவும் இல்லை. கிறிஸ்துமஸ் தோறும் எஸ்றாவின் மனைவி யூனிஸ் கொடுத்துவிடும் அச்சு முறுக்குத் தூக்குவாளி மூடி திறக்காமலே திரும்பிப் போகும். போன மழைக்கு முந்தின மழையில் யூனிஸ் இறந்தாள். அதற்கும் அவர் போகவில்லை. அந்த வீட்டுச் சேதி எதுவும் தன் காதுக்கு வரக்கூடாது என்று உத்தரவு போட்டிருந்தார். எல்லாரையும்போல அவளையும் கோவில் கல்லறைத் தோட்டத்தில்தான் அடக்கம் செய்திருப்பார்கள் என்று அவராகவே நினைத்துக்கொண்டார். யாரிடமும் கேட்கவில்லை.

அப்பா தொடக்க காலத்திலேயே சேர்ந்த ரைபிள் கிளப்பில் இந்த வருஷம் அவர் பேரில் ஒரு கோப்பை வைத்தார்கள். மைதானத்துப் போட்டி அல்ல, வெட்டவெளிப் போட்டி. இரும்புத் தகட்டில் வெட்டிய காக்கைகளை வெவ்வேறு தூரத்தில் நிறுத்தி, ஏர் ரைபிளால் சாய்க்க வேண்டும். தூரம் தெரிந்தால்தான் துப்பாக்கி மேலுள்ள ஸ்கோப்பை அதற்குத் தக்கபடி திருப்பி வைத்துக் குறி பார்க்க முடியும். அறுப்பு முடிந்த தன் வயலைச் சுவிசேஷமுத்து கொடுத்தார். குண்டு வெளியே போகாமல் தாங்குவதற்கு எதிரே பொத்தை இருந்தது. சிறு குன்றுதான், ஆனால் பொத்தையடி எஸ்றாவின் பங்கு.

கிளப் செயலாளர் முகம்மது சுல்தான், மேலப்பாளையத்து ஜவுளிக்கடைக்காரர், நயமாகப் பேசத் தெரிந்தவர். அவரே எஸ்றாவிடம் கேட்டுச் சம்மதம் வாங்கிவந்தார்.

"அப்பா பேர்ல நடக்கது, எங்கன வேணும்னாலும் வச்சுக்கிடுங்கன்னு சொல்லிட்டாவ அண்ணாச்சி. ஒரு நாள் நேர்ல போயி தூரத்த அளந்திருவமா?"

"நான் அங்கன வரமாட்டேன்னு தெரியாதா வே ஒமக்கு?"

"தெரியும். கால்தான் படக்கூடாது, குண்டு படலாம்" என்று சுல்தான் சிரித்தார். சுவிசேஷமுத்து சிரிக்கவில்லை.

அவர் வேறு வழி கண்டுபிடித்தார். பெங்களூரில் இருக்கும் மகள் பிரிஸில்லா, வானத்திலிருந்து எடுத்த படத்தைப் போனில் திறந்து, ஓர் இடத்தில் விரலை அழுத்தி இன்னோர் இடம்வரை இழுத்தால் நடுவிலுள்ள தூரம் மீட்டரில் தெரியும் என்று சொல்லிக்கொடுத்தாள். "பொத்தையடியா? அப்பா, அங்க யூனிஸ் சித்திய..." என்று அவள் தொடங்கியதும், "அளக்கதுக்கு மட்டும் சொல்லு" என்று வெட்டிவிட்டார்.

வீட்டில் உட்கார்ந்தபடியே, காலில் மண் ஒட்டாமல், தம்பியின் நிலம் முழுவதையும் அளந்துவிட்டார். அதில் அவருக்கு ஒரு களிப்புகூட இருந்தது. ஒத்தைப் பனையடியில் முதல் காக்கை. கிணற்றுமேட்டில் இரண்டாவது. பொத்தையடியில் வெள்ளையாக ஒரு நீள்சதுரம் தெரிந்தது. சுக்கான்பாறை, குறி பார்க்க வாகான இடம் என்று அங்கே மூன்றாவதை வைத்தார். நாற்பத்திரண்டு மீட்டர். கிளப்பின் வாட்ஸப் குழுவில் படத்தைப் போட்டு, 'ஓரடி பிசகாது' என்று கீழே எழுதினார்.

போட்டி அன்று காலையில் பத்துப் பன்னிரண்டு பேர் வயலில் கூடியிருந்தார்கள். சுல்தான் காக்கைகளைத் தூக்கிக்கொண்டு வரப்பு வழியாக எஸ்றாவின் பக்கம் போனார். சுவிசேஷமுத்து தன் எல்லையில் நாற்காலி போட்டு, போனை ஸ்பீக்கரில் வைத்து, எல்லார் காதிலும் விழ உத்தரவு கொடுத்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து பார்க்கப் பொத்தையடியில் தரையோடு ஒரு வெள்ளைத் திட்டுதான் தெரிந்தது.

"ரெண்டும் வச்சாச்சு அண்ணாச்சி. அளவு அச்சு அசலா இருக்கு" என்றது சுல்தானின் குரல்.

"பின்னே? மூணாவதை அந்த வெள்ளைப் பாறை மேல வையும் வே."

போனில் செருப்புச் சத்தம் வந்து, நின்றது.

"என்ன வே, பாறை தட்டுப்படலையா? கண்ணாடியத் தொடச்சிட்டுப் பாரும்!"

வயலில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

"அண்ணாச்சி, ஸ்பீக்கர அணச்சிருங்க."

"எதுக்கு? இங்கன என்ன ரகசியம்? சொல்லும்."

"இது பாறை இல்ல அண்ணாச்சி. கல்லறை. சிலுவை போட்டிருக்கு." சுல்தான் குரலைத் தணித்தார். "எஸ்றா அண்ணாச்சி வீட்டம்மா பேரு போட்டிருக்கு."

சிரித்தவர்களில் ஒருவர் தன் ரைபிளை மெதுவாகப் பெட்டிக்குள் வைத்தார். சுவிசேஷமுத்துவின் காது மடல் கொதித்தது. அத்தனை பேருக்கும் கணக்கு விளங்கிவிட்டது: கூடப்பிறந்தவன் பெண்டாட்டி எங்கே கிடக்கிறாள் என்று தெரியாத மூத்தவர், அவள் நெஞ்சின்மேல் குறி வைக்கச் சொல்லியிருக்கிறார். படம் போட்டு, எழுத்தில்.

அவர் எழுந்தார். வரப்பில் கால் வைத்தபோது யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திரும்பியிருப்பார். தலை நிமிர்ந்து நடக்கத்தான் பார்த்தார். கழுத்து கேட்கவில்லை.

கல்லறைப் பக்கத்தில் எஸ்றா நின்றிருந்தான். கையில் விளக்குமாறு. வருகிறவர்கள் பார்ப்பார்களே என்று சருகு கூட்டியிருக்கிறான். சுல்தான் காக்கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துப் பிடித்தபடி ஒதுங்கிக்கொண்டார்.

"இங்கனதான் வைக்கணும்னு அவதான் சொன்னா" என்றான் எஸ்றா. "சுல்தான் அண்ணாச்சி என்னையும் குழுவில சேத்திருந்தாவ, படம் பாத்தேம்ணே. ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன். தெரிஞ்சேதான் போட்டிருக்கீயன்னு நெனச்சேன்."

அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். தெரிந்தே செய்யக்கூடியவர் என்று தம்பி நம்பியிருக்கிறான். நம்பியும், வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் சருகு கூட்டி வைத்திருக்கிறான்.

"தெரியாது லே" என்றார். அதைச் சொல்வது தெரிந்தே செய்தேன் என்பதைவிடக் கேவலமாக இருந்தது. "சத்தியமாத் தெரியாது."

எஸ்றா விளக்குமாற்றைக் கீழே வைத்தான்.

"என்னைக்குப் போனா?"

"கல்லுல வெட்டியிருக்கு."

வாசிக்கும் கண்ணாடியை அவர் எடுத்து வரவில்லை. நின்றபடிக்கு வெள்ளையில் கறுப்பாக ஏதோ நெளிவதுதான் தெரிந்தது. "நீ வாசி" என்றார்.

"நான் மாட்டேம்ணே" என்றான் எஸ்றா. அவன் குரலில் கோபம் இல்லை. "எழுத்து ஆழமா வெட்டினதுதான். தடவிப் பாத்தாலே தெரியும்."

வயலில் நின்றவர்கள் எல்லாரும் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது சுவிசேஷமுத்துவுக்குத் தெரியும். ஒருவராவது வேறு பக்கம் திரும்பமாட்டாரா என்று ஒரு கணம் நினைத்தார். பிறகு செருப்பைக் கழற்றினார். கல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு முழங்காலை ஊன்றினார், அப்புறம் மற்றதை. சுண்ணாம்பு உள்ளங்கையில் ஒட்டியது. விரலை முதல் எழுத்தின் குழியில் வைத்து, எழுத்துக்கூட்டும் பிள்ளையைப்போல, வாய்விட்டு வாசிக்கத் தொடங்கினார்.