கடற்கரையின் கட்டைவிரல்

குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடும் கடற்கரை என்பவரின் வலது கட்டைவிரல் பட்டால் யாருடைய போனும் திறந்துகொள்ளும். இரண்டு வருடத்துக்கு முன், ஆனிச் சாரல் பிடித்த மூன்றாம் நாள் இது தெரிய வந்தது. குளிக்கப் போகிறவர்கள் சட்டை, மோதிரம், போன் எல்லாவற்றையும் மசாஜ்காரர் கையில் கொடுத்துவிட்டு அருவிக்குள் நுழைவது அங்கே வழக்கம். நனைந்த போனைக் கட்டைவிரலால் ஒரு வழி வழித்துப் பாலித்தீன் பையில் போடுவது மசாஜ்காரர்கள் வழக்கம். அப்படி வழித்த போனெல்லாம் திறந்தன. நம்பர் போட்ட பூட்டு, முகம் பார்க்கிற பூட்டு எதுவும் நிற்கவில்லை. இருபத்தெட்டு வருடம் எண்ணெயில் ஊறி அந்த விரலில் ரேகையே கிடையாது; ரேஷன் கடை மிஷின்கூட அவரைக் கடற்கரை என்று ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

திறந்த எதையும் அவர் பார்க்கமாட்டார். பார்க்கவில்லை என்று சொன்னால் நம்பத்தான் ஆள் இல்லை. ஆடி பிறப்பதற்குள் பாதி வாடிக்கை போய்விட்டது. மேலகரத்தில் பீடி சுற்றும் அவர் மனைவி மாரிச்செல்வி, தன் போனை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்தாள். "அந்த வெரல வாசல்லயே கழத்தி வச்சிட்டு உள்ள வர மாட்டியளோ?" என்று சிரித்தாள். சிரித்தாலும் பானையை விட்டு எடுக்கவில்லை.

எஸ்.ஐ. பாண்டித்துரை காதுக்கு விஷயம் போனது. முதலில் அவர் கடற்கரையைக் கூப்பிட்டுத் திறக்கவைத்தது ஒரு பைக் திருடனின் போன். ஏழு பைக் கிடைத்தது, ஊரே மெச்சியது. அடுத்து, வீட்டைவிட்டுப் போன ஒரு பெண்ணின் போன். அதற்கடுத்து, கவுன்சிலரைக் கிண்டலடித்தவன் போன். "கோர்ட்டு உத்தரவு வேண்டாமா சார்?" என்று ஏட்டு தில்லைநாயகம் ஒரு தடவை கேட்டார். "அதான் வெரல் இருக்கே வே" என்றார் எஸ்.ஐ. அதன் பிறகு எஸ்.ஐ. ஜீப்பைக் கண்டால் கடற்கரை சந்துக்குள் ஒதுங்கினார். அவருக்கு எதிரில் வருகிறவர்கள் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டு போனார்கள்.

போன வருட ஆவணியில் நூர்நிஷாவின் போன் ஸ்டேஷனுக்கு வந்தது. நூர்நிஷாவும் மாரிச்செல்வியும் ஒரே இடத்தில் உட்கார்ந்து பீடி சுற்றுகிறவர்கள். பள்ளிக்கூட நேரத்தில் ஜல்லி லாரி ஒன்று ஒரு பிள்ளையின் சைக்கிளை உரசித் தள்ளிய வீடியோவை நூர்நிஷா ஊருக்கெல்லாம் அனுப்பியிருந்தாள். எடுத்தது யார் என்று லாரிக்குச் சொந்தக்காரரான குவாரிக்காரருக்குத் தெரிந்தாக வேண்டும். எடுத்தவள் மாரிச்செல்வி. அது கடற்கரைக்குத் தெரியும்.

அவர் கையைத் துண்டுக்குள் சுற்றிக்கொண்டு ஸ்டேஷனில் நின்றார். ஓரத்துப் பெஞ்சில் நூர்நிஷா.

"வெரல்ல காயம் ஐயா."

"அப்பிடியா?" என்ற எஸ்.ஐ. மேஜையில் இருந்த பாட்டில் தண்ணீரைப் போன்மேல் ஊற்றி, "இந்தா புடிலே" என்று வீசினார். கை துண்டைவிட்டு வந்தது, பிடித்தது, ஈரத்தை வழித்தது. இருபத்தெட்டு வருடப் பழக்கம்; கடற்கரையை அது கேட்கவில்லை. போன் திறந்தது. வீடியோவுக்கு மேலே, அதை நூர்நிஷாவுக்கு அனுப்பியவளின் பெயர் இருந்தது. எஸ்.ஐ. குனிந்து பார்த்து, தாளில் 'மா' என்று எழுதினார்.

கடற்கரை போனை விடவில்லை. நாள்பட்ட பிடிப்புள்ள முதுகில் அழுத்துகிற மாதிரி, முழங்கை வரை பலத்தைக் கொண்டுவந்து கட்டைவிரலை அழுத்தினார். ஏட்டு போன் திறந்தது. டிராயரில் கிடந்த ரைட்டர் போன் திறந்தது. பீரோவுக்குள் வழக்குப் போன்கள் பதினொன்றும் வெளிச்சம் போட்டன. எஸ்.ஐ. சட்டைப் பையிலிருந்த போனும் திறந்து, அதில் பதிவாகியிருந்த குவாரிக்காரர் குரல் எதிரே மசூது டீக்கடை வரைக்கும் கேட்கப் பேசியது: "சார், அந்தப் பொம்பள பேர மட்டும் சொல்லுங்க. மத்தத நம்ம பயலுவ வீட்டுக்கே போயி பாத்துக்கிடுவானுவ. ஒங்களுக்குச் சொன்னது வந்து சேரும்."

டீக்கடையில் எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

"நிப்பாட்டுலே!"

"நீங்க பேனாவ மூடுங்க ஐயா. நான் வெரல எடுக்கேன்."

அடுத்த குரல் தொடங்குவதற்குள் எஸ்.ஐ. பேனாவை மூடினார். 'மா' எழுதிய தாளைத் தில்லைநாயகம் யாரும் சொல்லாமலே நான்காகக் கிழித்தார். நூர்நிஷா எழுந்து வந்து கடற்கரை கையிலிருந்து தன் போனை வாங்கிக்கொண்டாள். "வாங்கண்ணே, போவோம். மாரியக்கா வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு ஒக்காந்திருப்பா."

அழுத்தியது கொஞ்சம் கூடிப்போயிருக்க வேண்டும். அன்றுமுதல் அந்த ஸ்டேஷனுக்குள் எந்தப் போனுக்கும் பூட்டு நிற்பதில்லை. வாசல்படி தாண்டினால் திறந்து, கடைசியாகப் பேசியதைச் சத்தமாகச் சொல்லிவிடும். சென்னையிலிருந்து இரண்டு பேர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பாண்டித்துரை சிவகிரிப் பக்கம் மாற்றல் வாங்கிக்கொண்டார். புதிதாக வருகிற அதிகாரிகள் முதல் வாரம் பதறுவார்கள். "இங்கன அப்பிடித்தான் சார், மழ பெய்யுத மாதிரி" என்பார் தில்லைநாயகம். இப்போது புகார் கொடுக்க வருகிறவர்கள், கைதானவர்கள், அதிகாரிகள் எல்லோரும் மசூது கடையில் போனைக் கொடுத்துவிட்டுத்தான் ரோட்டைக் கடக்கிறார்கள். பன் வைக்கிற கண்ணாடிப் பெட்டியில் மேல்தட்டு போலீசுக்கு, கீழ்த்தட்டு மற்றவர்களுக்கு.