ஆறாவது கிலோமீட்டர்

ஆறாவது கிலோமீட்டரில் எனக்கு ஏன் மூச்சு முட்டியது என்று புரியவில்லை. எங்கள் ஊர்ப் பத்துக் கிலோமீட்டர் ஓட்டத்தை ஒன்பது வருடமாக அக்காவுடன் சிரமமில்லாமல் ஓடியவன் நான். அவள் இறந்தபின் இதுதான் முதல் முறை. அடுத்த மாதம் மாரத்தான். இருவர் பெயரையும் அவள்தான் பதிவு செய்திருந்தாள். இப்படி ஓடினால் பாதியிலேயே உட்கார்ந்துவிடுவேன்.

வழியெல்லாம் அவள் வம்பளப்பாள். "டேய் ஆமை, வாய்க்குப் பூட்டா? பதில் சொல்லுடா!"

பதில் சொல்ல மூச்சு மிச்சம் வேண்டும்; அதனால் என் வேகம் தானாகவே குறையும். இன்று பேச ஆளில்லை.

"பூட்டெல்லாம் இல்லக்கா, நான் நல்லாத்தான் ஓடறேன்," என்றேன் சத்தமாக. பக்கத்தில் ஓடியவர் திரும்பிப் பார்த்தார். அவளிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்திலேயே மீதியை ஓடி முடித்தேன்.