எழுதியவரும் குறை சொல்ல வேண்டும்

குழுவில் கதை வந்து விழுந்தபோது பரிமளா யாரோ ஒருவருடைய சர்க்கரை அளவைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். செங்கல்பட்டு பஸ் நிலையத்துக்குப் பின்னால், மாடியில் இருக்கும் ரத்தப் பரிசோதனை நிலையம் அது. பத்து மணிக்கு மேல் ரிப்போர்ட் வாங்க வருகிறவர்களின் வரிசை படிக்கட்டு வரை நீளும். மேசை மேல் போன் ஒரு தடவை அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். அவளுடைய கதைதான், பெயரில்லாமல் வந்திருந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்த ஆளின் பெயரையும் வயதையும் அடித்தாள்.

ஈரமணல் என்ற அந்த வாட்ஸ்அப் குழுவில் எழுபத்திரண்டு பேர் இருந்தார்கள். எழுத்தாளர் என்று ஊர் சொல்லாவிட்டாலும் தாங்களே சொல்லிக்கொள்ளக் கூச்சப்படாதவர்கள். பத்திரிகைக்கு அனுப்பிய கதைக்கு இரண்டு வருஷமாகப் பதில் இல்லை என்று ஒருவர் புலம்புவார். போட்டி முடிவு எப்போது என்று தினம் கேட்பவரே, முடிவு வந்ததும் நடுவருக்குப் படிக்கவே தெரியாது என்று திட்டுவார். தினமும் ஒரு பக்கமாவது எழுதுங்கள் என்று காலை வணக்கத்தோடு அறிவுரை சொல்பவர் கடைசியாக எப்போது எழுதினார் என்று யாரும் கேட்பதில்லை. அப்படிக் கேட்டால் குழுவே கலைந்துவிடும்.

குழுவை நடத்துபவர் திருக்கழுக்குன்றத்து ரவிச்சந்திரன். தபால் துறையில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்து ஓய்வு பெற்றவர், அதனால் எதற்கும் ஒரு முறை வைத்திருந்தார். கதையை அவருக்குத் தனியாக அனுப்ப வேண்டும். வெள்ளிக்கிழமை அவர் அதைப் பெயர் எடுத்துவிட்டுப் போடுவார். ஞாயிறு மாலைக்குள் எல்லோரும் கருத்துச் சொல்ல வேண்டும், எழுதியவரும் சேர்த்து. ஆரம்பத்தில் எழுதியவர்கள் தங்கள் கதையையே ஆகா ஓகோ என்று புகழ்ந்து மாட்டிக்கொண்டார்கள். அதனால் ரவிச்சந்திரன் இன்னொரு விதியும் சேர்த்தார். எழுதியவர் தன் கதையில் ஒரு குறையாவது சொல்லியே ஆக வேண்டும். சொந்தக் கதை பேசக்கூடாது, கதைக்குள் இருப்பதை மட்டுமே பேச வேண்டும்.

பரிமளா அனுப்பியது ஒன்றரைப் பக்கக் கதை. கோவளத்தில் ஒரு பெண் காலையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். நாத்தனார் கரையிலிருந்து ஓடி வந்து, படகு கரையேறும்போது அலை தூக்கிப் போட்டதில் உன் புருஷன் போய்விட்டான் என்கிறாள். தட்டில் இன்னும் இரண்டு இட்லி இருக்கிறது. அவள் அந்த இரண்டையும் சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு கிளம்புகிறாள். அவ்வளவுதான் கதை.

பதினோரு மாதம் முன்பு நடந்ததும் அவ்வளவுதான். புருஷன் அரவிந்தன் போன செய்தியோடு வந்த நாத்தனார் பிரபா வாசலில் நின்று, அவள் சாப்பிட்டு முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் சாப்பிட்டாள் என்று பரிமளாவுக்கு இன்றும் தெரியாது. பசிக்கவில்லை. ருசி தெரியவில்லை. அன்றும் அழுகை வரவில்லை, பதினாறாம் நாளும் வரவில்லை. “நெஞ்சுல ஈரமே இல்லாத பொம்பள” என்று பிரபா கூட்டத்தில் சொன்னாள். மாமியார் ஜெகதாம்பாள் மகள் பேச்சை மீறுகிறவள் இல்லை. பரிமளா பெட்டியைக் கட்டிக்கொண்டு வேலை இருந்த செங்கல்பட்டுக்கே வந்துவிட்டாள். அடுத்த மாதம் முதல் வருஷத் திதி. அதற்கு அவள் வரத் தேவையில்லை என்று உறவுக்காரர் ஒருவர் மூலம் பிரபா சொல்லியனுப்பியிருந்தாள்.

அவளுக்குப் போக வேண்டும். அவனுக்கு இலை போடும்போது தான் அந்த வீட்டில் இருக்க வேண்டும் என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்தது. மற்றபடி எதுவும் தெரியாததால்தான் கதை எழுதினாள். எழுபத்திரண்டு பேரில் ஒருவராவது, இப்படியும் ஒரு பெண் இருப்பாள் என்று சொன்னால் போதும் என்று நினைத்தாள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கருத்துகளைத் திறந்தாள். முதல் ஆளாக ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் பாஷ்யம் வந்திருந்தார். எந்தக் கதையிலும் விடை சரியாக வருகிறதா என்று பார்க்கிறவர். “நடை சுமார். ஆனால் அந்த இட்லி லாஜிக்கே இல்லை. புருஷன் செத்த செய்தி கேட்டு எந்தப் பெண் இட்லி சாப்பிடுவாள்? ஆசிரியர் ஆணாக இருக்க வேண்டும்.”

மறைமலைநகர் மதுவந்தி நீளமாக எழுதியிருந்தாள். “ஒரு பெண்ணா சொல்றேன், இது ரொம்ப செயற்கையா இருக்கு. அதிர்ச்சி குடுக்கணும்னே வச்ச மாதிரி இருக்கு. தட்டு கீழ விழட்டும், அவ உள்ள ஓடிப் போய் கதவ சாத்திட்டு அழட்டும். வெளிய நாத்தனார் அவளத் தப்பா நெனைக்கட்டும். அப்ப வாசகருக்கு மட்டும் உண்மை தெரியும். எவ்ளோ நல்லாருக்கும்!”

அதன் கீழே முப்பது கட்டைவிரல்கள். இட்லியைத் தோசையாக்கலாமா என்றுகூட ஒருவர் கேட்டிருந்தார்.

பஸ் கண்டக்டர் முனிசாமி குழுவில் அபூர்வமாகத்தான் பேசுவார். அவர் எழுதியிருந்தார்: “எங்கப்பா செத்தன்னிக்கு போன் வந்துச்சு சார். நான் யார்கிட்டயும் சொல்லாம மதுராந்தகத்துக்கு ரெண்டு நடை அடிச்சேன். டிக்கெட்டு கரெக்டா கிழிச்சேன். ஏன்னு கேட்டா தெரியாது. இந்தப் பொம்பள செய்வா.”

பரிமளா அதை மூன்று முறை படித்தாள். சோற்றைப் பிசைந்த கை அப்படியே இருந்தது. நீங்கள் அப்புறமாவது அழுதீர்களா என்று அவரிடம் கேட்க ஆசையாக இருந்தது. அதற்குள் பாஷ்யம், “விதிப்படி சொந்தக் கதை வேண்டாம், கதையைப் பற்றி மட்டும்” என்று போட்டார். ரவிச்சந்திரனும் அதை ஆமோதித்துக் கைகூப்பினார். மறுபடி பார்க்கும்போது முனிசாமியின் இடத்தில், இந்தச் செய்தி நீக்கப்பட்டது என்று மட்டும் இருந்தது.

ஞாயிறு மதியம் ரவிச்சந்திரன் போன் செய்தார். “ஏம்மா, நீங்க மட்டும் இன்னும் கருத்து சொல்லலையே. எழுதினது நீங்கன்னு கண்டுபிடிச்சிடுவாங்க. ஏதாவது ஒரு குறை சொல்லுங்க.”

“என்ன குறை சார் சொல்றது?”

“எல்லாரும் சொல்றதையே சொல்லுங்களேன்.”

அவள் யோசிக்கவில்லை. விரல் தானாக அடித்தது: “அந்தப் பெண்ணுக்கு நெஞ்சில் ஈரமே இல்லை.” அந்த வாரக் கருத்துகளிலேயே நறுக்கென்று இருப்பது அதுதான் என்று பாஷ்யம் பாராட்டினார். அவளுக்குக் கோபமும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை.

கதையை மாற்றினால் குழுவின் பேஸ்புக் பக்கத்தில் பெயரோடும் படத்தோடும் போடுவதாக ரவிச்சந்திரன் சொன்னார். மாற்றினாள். ரத்த அறிக்கையில் பிழை திருத்துவதற்கு ஆகும் நேரம்கூட ஆகவில்லை. தட்டை விழவைத்தாள். கதவைச் சாத்தினாள். புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு, வெளியே நிற்கும் நாத்தனாருக்குக் கேட்காமல் அந்தப் பெண்ணை அழவைத்தாள். எழுத எழுத நன்றாகத்தான் வந்தது. ஊர்ப் பெயரை மட்டும் மாற்றத் தோன்றவில்லை. பேஸ்புக்கில் வந்த அன்றே நானூறு பேர் படித்தார்கள். கண் கலங்கிவிட்டது, உண்மையிலேயே அழுதுவிட்டேன் என்று முகம் தெரியாதவர்கள் எழுதினார்கள். பரிமளா ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னாள்.

நாலாம் நாள் சாயந்திரம் வேலை முடிந்து கொளவாய் ஏரிக்கரை ஓரமாக நடந்து வரும்போது போன் வந்தது. பிரபாவின் பெயர். பதினோரு மாதத்தில் முதல் தடவை.

“பரிமளா... நான்தான். கீறியா லைன்ல?”

“இருக்கேன் அண்ணி.”

“எம் பொண்ணு போன்ல உன் கதய படிச்சிக் காட்டுச்சி. உன் போட்டோ போட்டு கீது.” மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. “நீ கதவ சாத்திகினு அழுதியாடி? நான் வாசல்லயே நின்னுகினு இருந்தேனே, எனக்குத் தெரியாம பூட்ச்சே. நீ இட்லி துன்னுகினு இருந்தேன்னு தெருவெல்லாம் சொன்னேன். அந்த நேரத்துல எங்கண்ணு இன்னாத்தப் பாத்துதோ. பாவி நானு.”

ஏரியில் நீர்க்காகம் ஒன்று முங்கியது. பரிமளா அது எழும் இடத்தைத் தேடினாள். கதவு சாத்தப்படவே இல்லை அண்ணி, உங்கள் கண் பார்த்தது சரிதான் என்று சொல்லலாம். சொன்னால் போன் வைக்கப்படும். தன் கண்ணையே நம்பாமல் ஒருத்தி அழுதுகொண்டிருப்பது காதில் கேட்டும் உள்ளே எதுவும் அசையவில்லை. அசையாததுதான் பயமாக இருந்தது.

“ஆமா அண்ணி” என்றாள்.

“திதிக்கு வந்துடு. நீதான் முன்னால நின்னு எல போடணும். எல்லாருக்கும் சொல்ட்டேன், அம்மாவுக்கும் சொல்ட்டேன். இந்த தபா உள்ளயே வச்சிகினு இருக்காத. எல்லார் முன்னாலயும் வாய்விட்டு அழுதுடு. அப்பதான் அவங்க வாய மூடுவாங்க.”

திதியன்று காலை ஆறரை பஸ்ஸில் கிளம்பினாள். மாமல்லபுரத்தில் இறங்கிக் கோவளம் பஸ் மாறினாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வழி நெடுக, அழுகை வரக்கூடிய எதையாவது நினைத்துப் பார்த்தாள். அரவிந்தன் எஞ்சின் எண்ணெய்க் கையோடு கதவைத் தொட்டு வாங்கிக் கட்டிக்கொள்வது, காய்ச்சலில் அவள் தலையைப் பிடித்துவிட்டது, கடைசியாக அவன் போட்ட சட்டையின் நிறம். எல்லாம் தெளிவாக ஞாபகம் வந்தது. ஞாபகம் மட்டும்தான் வந்தது. கண்ணைக் கொஞ்ச நேரம் இமைக்காமல் வைத்துப் பார்த்தாள். காற்றில் எரிந்தது, அவ்வளவுதான்.

தெருமுனையிலேயே ஆட்கள் பார்த்துவிட்டார்கள். வாசலில் போட்டிருந்த பந்தலுக்குள் பெண்கள் எழுந்து வழி விட்டார்கள். பிரபா ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு, “வந்துட்டாடா அரவிந்தா, உன் பொண்டாட்டி வந்துட்டாடா” என்று வீறிட்டாள். அவளுடைய கண்ணீர் பரிமளாவின் தோளில் சூடாக இறங்கியது. பரிமளா இரண்டு கையாலும் அவளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மெல்ல மற்றவர்களின் சத்தம் அடங்கியது. சுற்றி நின்ற அத்தனை பேரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். அவள் அழுது முடித்ததும் கொடுப்பதற்காக, ஜெகதாம்பாள் ஒரு சொம்புத் தண்ணீரை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள்.