ஊறலின் இரண்டாவது கேசட்

1

இந்தக் கதையை எழுத வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. திட்ட வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆறு வருடம் எங்களைக் காக்க வைத்த ஒரு ராக் குழுவை, அதன் பாடகன் ஜெஸ்டனை, ஆம்பூர் பஜாரில் நாலு பேர் கேட்க நின்று திட்ட வேண்டும். அதற்குத் தைரியம் வரவில்லை. அதனால் கதை எழுதுகிறேன். கதை எழுதுகிற பலருக்கும் இதுதான் காரணம். வெளியே சொல்ல மாட்டார்கள்.

முதல் வரியை இப்படி ஆரம்பித்தேன்:

[பாலாற்றில் தண்ணீர் வற்றியிருந்த ஒரு மாலைப் பொழுதில்…]

அடித்துவிட்டேன். வற்றாத மாலை எது?

[இசை என்பது ஒரு விதத்தில் காத்திருப்பின்…]

இதையும் அடித்துவிட்டேன். இப்படி எழுதுகிறவனை நேரில் பார்த்தால் எனக்கே அறையத் தோன்றும்.

நேராகச் சொல்கிறேன். 'ஊறல்' எங்கள் ஊர் ராக் குழு. தோலைப் பதனிடும் முன் தொட்டியில் ஊறப் போடுவார்களே, அந்த ஊறல். சர்ச் பாடகர் குழுவில் இருந்த நாலு பையன்கள். 1995இல் ஒரு கேசட் போட்டார்கள். அதில் காதல் பாட்டு ஒன்றுகூட இல்லை. ஷிப்ட் சங்கு, துணியில் ஒட்டிக்கொண்டு பஸ் வரைக்கும் வரும் தோல் நாற்றம், நுரை மிதக்கும் கால்வாய், தண்ணி லாரி. எங்களைப் பற்றி எங்களிடமே ஒருவன் கத்திப் பாடினால் எப்படி இருக்கும் என்று அதுவரை எங்களுக்குத் தெரியாது. நான் வேலூரில் ஓர் ஆஸ்பத்திரி ஆபீஸில் வேலை பார்த்தேன். காலை ரயிலில் வாக்மேனில் கேட்டுக் கேட்டு டேப் இழுத்துக்கொண்டு, ஜெஸ்டனின் குரல் கிழவன் குரலாகிவிட்டது. இன்னொன்று வாங்கினேன்.

2

(இங்கே மெர்சிக்கா வருகிறார். அவரை எழுதும்போது ஒவ்வொரு வரைவிலும் தோற்றேன். ஒன்றில் அவரை அழ வைத்தேன். இன்னொன்றில் தம்பியின் போட்டோவைத் துடைக்க வைத்தேன். இரண்டும் பொய். அழுது நான் பார்த்ததில்லை. போட்டோவில் தூசி இருக்கும்.)

மெர்சிக்கா ஷூ கம்பெனியில் மெஷினில் ஷூவின் மேல்பாகத்தை, அப்பரை, தைப்பவர். எங்கள் சபைதான், இரண்டு தெரு தள்ளி வீடு. அவர் தம்பி எலியாஸ் தோல் பதனிடும் ஒரு தோல் ஷாப்பில் வேலை பார்த்தான். 1996இல் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்யச் சொல்லி அவனை உள்ளே இறக்கினார்கள். அது அவன் வேலையே இல்லை. விஷவாயு. அவனை வெளியே எடுத்தபோது உயிர் இல்லை. தோல் ஷாப்பில் சொன்னது: அவனாகவே இறங்கினான். மறுநாள் பேப்பரில் வந்தது: தொழிலாளி ஒருவர் பலி. ஒருவர். அவ்வளவுதான். பேர்கூடப் போடவில்லை.

பேரைச் சொன்னது ஊறல். 1997இல் சபையின் அறுப்பின் பண்டிகைக்குப் பள்ளி மைதானத்தில் மேடை போட்டிருந்தார்கள். ஜெஸ்டன் கிடாரை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "யாரு இறங்கினது?" என்று கத்தினான். குழுவில் மற்ற மூன்று பேரும் "எலியாஸ்!" என்றார்கள். இரண்டாவது தடவை முன்வரிசை சேர்ந்துகொண்டது. நாலாவது தடவை மைதானமே சேர்ந்துகொண்டது. பஜ்ஜிக் கடைக்காரர் கரண்டியோடு கத்தினார். போதகர் ஐயா கத்தினார். மெர்சிக்கா மட்டும் கத்தவில்லை. சுற்றிச் சுற்றி எல்லார் வாயையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாட்டு முடிந்ததும் ஜெஸ்டன் மைக்கில் சொன்னான்: "இது அடுத்த கேசட்ல வரும். பொங்கலுக்கு."

எந்தப் பொங்கல் என்று அவன் சொல்லவில்லை.

3

இந்தப் பகுதியில் காத்திருப்பைக் காட்ட வேண்டும். எழுதத் தெரிந்தவர்கள் இதை ஒரே பத்தியில் முடித்துவிடுவார்கள். எங்களுக்கு அது ஆறு வருடம்.

சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு மெர்சிக்கா சர்தார் பாஷாவின் கேசட் கடைக்கு வருவார். நானும் போவேன். ஷூ கம்பெனிப் பெண்கள், ஐடிஐ பையன்கள், ஜோலார்பேட்டையிலிருந்து ஒரு ரயில்வே கலாசி என்று ஒரு கும்பலே வரும்.

"இன்னா பாய், வந்துச்சா?"

"இன்னும் ஊறுதுமா. நல்லா ஊறினாத்தானே தோலு," என்பார் சர்தார் பாஷா. முதல் வருடம் சிரித்தோம். மூன்றாம் வருடம் அவரே அதைச் சொல்வதை நிறுத்திவிட்டார். "அந்தாள் போனே எடுக்கறதில்ல. ரொம்ப பேஜாரா போச்சு."

'விரைவில்' என்று போஸ்டர் ஒட்டினார்கள். அதன் மேல் சினிமா போஸ்டர் ஒட்டினார்கள். மூன்று முறை நேரடி நிகழ்ச்சி அறிவித்தார்கள். ஒன்று மழையில் போனது. மழைக்காக ஜெபக் கூட்டம் நடத்துகிற ஊரில் அன்றைக்கென்று மழை. ஒன்றுக்குப் போலீஸ் அனுமதி தரவில்லை. மூன்றாவதுக்கு மேடை இருந்தது, ஸ்பீக்கர் இருந்தது, நாங்கள் இருந்தோம். ஜெஸ்டன் இல்லை. சென்னையில் யாரோ சினிமாக்காரரைப் பார்க்கப் போய்விட்டானாம். சூப்பர்வைசரிடம் கெஞ்சிப் பர்மிஷன் வாங்கி வந்திருந்த மெர்சிக்கா, காலி மேடையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வரட்டும் பா. அவன் பாட்டு அவன்கிட்டதான இருக்குது," என்றார்.

எனக்கு அன்றைக்கே கோபம் வந்தது. அது அவன் பாட்டா?

4

2003 நவம்பரில் இரண்டாவது கேசட் வந்தது.

[நடுங்கும் விரல்களால் உறையைப் பிரித்தேன்…] நடுங்கவில்லை. பல்லால் கடித்துப் பிரித்தேன்.

சர்தார் பாஷா கடையிலேயே போட்டார். ஏழெட்டுப் பேர் நின்றிருந்தோம். எங்கள் பாட்டு இரண்டாம் பக்கத்தில் முதலாவது. கிடார், டிரம்ஸ் எல்லாம் பளபளவென்று இருந்தது. ஜெஸ்டன் கத்தினான்: "யாரு இறங்கினது?"

பதிலுக்குக் கிடார் வந்தது. திரும்பக் கத்தினான். திரும்பவும் கிடார்.

பாட்டு முடிகிற வரைக்கும் அந்தப் பேர் வரவில்லை.

சர்தார் பாஷா டேப்பை நிறுத்திவிட்டு யாரையும் பார்க்காமல் கவுண்டரைத் துடைத்தார். நான் உறையைத் திருப்பினேன். 'நன்றி' என்று போட்டு வரிசையாகப் பேர்கள். அதில் மூன்றாவது, எலியாஸ் வேலை பார்த்த தோல் ஷாப்பின் முதலாளி.

[இங்கே நான் எழுதிய ஒரு பத்தியை எடுத்துவிட்டேன். அதில் இருந்ததெல்லாம் கெட்ட வார்த்தை.]

5

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. டிசம்பரில் பாடகர் குழு வீடு வீடாக கேரல் ரவுண்டு வரும். வீட்டுக்காரர் கேட்கிற பாட்டைப் பாடாமல் வாசலை விட்டு நகரக் கூடாது. நோயாளி இருக்கிற வீட்டில் ஞானப்பாட்டு கேட்பார்கள். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் குதிக்கிற பாட்டு. கேட்டதைப் பாடியே ஆக வேண்டும். ஜெஸ்டன் கிடார் கற்றதே அந்த ரவுண்டில்தான்.

அந்த டிசம்பரில் ஜெஸ்டன் ஊருக்கு வந்திருந்தான். சபைப் பையன்கள் கூப்பிட்டதும் மறுக்க முடியாமல் கிடாரோடு ரவுண்டில் சேர்ந்துகொண்டான். இதைக் கேள்விப்பட்ட மெர்சிக்கா என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். "நீயும் இரு பா, சாட்சிக்கு."

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பையன்கள், பஞ்சுத் தாடியோடு ஒரு கிறிஸ்துமஸ் தாத்தா, ஓரமாக ஜெஸ்டன். ஒரு பாட்டு பாடினார்கள். பிறகு தலைவன் பையன் வழக்கப்படி கேட்டான்: "அக்கா, இன்னா பாட்டு வேணும்?"

"யாரு இறங்கினது," என்றார் மெர்சிக்கா.

பையன்கள் ஜெஸ்டனைப் பார்த்தார்கள். அவன் தரையைப் பார்த்தான். ஆனால் வழக்கம் வழக்கம்தான். கிடாரைத் தட்டினான். நன்றாகத்தான் பாடினான், பாவி. குரல் அப்படியே இருந்தது. "யாரு இறங்கினது?" என்று கத்திவிட்டு, கேசட்டில் போலவே கிடாரை மீட்டினான். பையன்களுக்கு அந்தக் கேசட்தான் தெரியும். தலையாட்டிக்கொண்டு நின்றார்கள். பாட்டு முடிந்தது.

"பாட்டு முடியல. முடிச்சுட்டுப் போ," என்றார் மெர்சிக்கா.

"அவ்ளோதான்க்கா பாட்டு."

"பேரு எங்க?"

ஜெஸ்டன் மெதுவாகப் பேசினான். "பேரு இருந்தா அது நம்ம ஊர்ப் பாட்டோட நின்னுடும்க்கா. பேரு இல்லாட்டி எல்லாருக்கும் சேர்ந்துடும்."

"எல்லாருமா செத்தாங்க? என் தம்பிதான செத்தான்."

இத்தோடு எழுதுவதை நிறுத்திவிட்டேன். பல மாதம் இந்த வரியிலேயே நின்றேன்.

6

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ) ஜெஸ்டன் கிடாரைக் கீழே வைத்துவிட்டு, பேரைச் சொல்லி, கதறி அழுது மன்னிப்புக் கேட்கிறான். [வேண்டாம். இவ்வளவு சுலபமாக அவனை விட முடியாது.]

ஆ) ஷிப்ட் முடிந்து அந்தத் தெரு வழியாக வரும் ஷூ கம்பெனிப் பெண்கள் நின்று கேட்கிறார்கள். மெர்சிக்கா "யாரு இறங்கினது?" என்கிறார். முழுத் தெருவும் "எலியாஸ்!" என்கிறது. பஞ்சுத் தாடிக்குள்ளிருந்தும் ஒரு குரல் வருகிறது.

ஆ எனக்கு மிகவும் பிடித்திருந்தது. எழுதி முடித்த அன்று ஒரு பிளேட் பிரியாணி சாப்பிட்டேன். அதைச் சேர்த்துக் கதையை ஒரு பத்திரிகைக்குக் காட்டினேன், எடுத்துக்கொண்டார்கள். அச்சுக்குப் போகும் முன் மெர்சிக்காவிடம் கொடுத்தேன்.

7

ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து, சர்ச் வாசல் வேப்பமரத்தடியில் நின்றபடியே படித்தார். எழுத்துக் கூட்டிப் படிப்பவர் இல்லை, வேகமாகத்தான் படித்தார். ஆ முடிவுக்கு வந்ததும் நிமிர்ந்தார்.

"அன்னிக்கு யாரும் கத்தலியே பா."

"கதைதானேக்கா."

"அவனுங்க அடுத்த வீட்டுக்குப் போய்ட்டானுங்க. நான் கதவச் சாத்திட்டேன். அவ்ளோதான் நடந்துச்சு. கதைல கத்திட்டா, நெஜத்துல யாரும் கத்த வேண்டாம்னு ஆயிடும்."

தாள்களை முதலிலிருந்து திருப்பினார். ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

"அது போகட்டும். எலியாஸ் யாரு?"

விளக்கம் சொன்னேன். உண்மைப் பேர் இருந்தால் கேஸ் வரும், போட முடியாது என்று பத்திரிகையில் சொல்லியிருந்தார்கள். பைபிளைப் புரட்டி நல்லதாக ஒரு பேரைத் தேடி எடுத்திருந்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "பேரு மாத்தினா எல்லாருக்கும் பொருந்தும்க்கா," என்று வேறு சொல்லிவிட்டேன்.

மெர்சிக்கா என்னைப் பார்த்தார். காலி மேடையைப் பார்த்த அதே பார்வை.

"என் பேர மெர்சின்னு மாத்திருக்க, சரி. அவன் பேர ஜெஸ்டன்னு மாத்திருக்க, சரி. செத்தவன் பேரையும் மாத்திட்ட." முதல் தாளை என் முகத்துக்கு நேராகப் பிடித்தார். "உன் பேரு மட்டும் மேல பெருசா போட்டிருக்குது."

தாள்களை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

8

இப்போது யார் மேல் கோபப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை. கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது.

பத்திரிகையில் மறுபடி கேட்டேன். உண்மைப் பேர் முடியாது என்றார்கள். தலைப்புக்குக் கீழே என் பேரையும் போடாதீர்கள் என்றேன். அதற்கு உடனே ஒத்துக்கொண்டார்கள். எலியாஸை எல்லா இடத்திலும் அடித்துவிடலாமா என்று யோசித்து, அடிக்காமல் விட்டேன். நான் செய்தது நாலு பேர் கண்ணில் படட்டும்.

இனி இது உங்களிடம். நீங்கள் ராணிப்பேட்டையில் இருக்கலாம், வாணியம்பாடியில் இருக்கலாம், பேரணாம்பட்டில் இருக்கலாம். இதைப் படிக்கும்போதே உங்களுக்கு ஒரு பேர் ஞாபகம் வந்திருக்கும். பக்கத்துத் தெரு, கூடப் படித்தவன், யாருக்கோ தம்பி. பேப்பரில் 'ஒருவர்' என்று மட்டும் வந்தவன். நான் எழுதாததை, ஜெஸ்டன் பாடாததை, அந்த மைதானத்தில் கத்திய மாதிரி நீங்கள் கத்த வேண்டும். வாய்க்குள் முணுமுணுத்தால் போதாது. பக்கத்தில் ஆள் இருந்தாலும் பரவாயில்லை. இருந்தால் இன்னும் நல்லது.

யாரு இறங்கினது?

[                    ]