கடைசிப் பன்னிரண்டு வசனங்கள்

அச்சகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். மெய்ப்புத் திருத்துவதில் பதினெட்டு வருடம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவள். ஒரு காற்புள்ளி தப்பி ஓடினாலும் காதைப் பிடித்து இழுத்துவந்துவிடுவாள். புதிய வேதாகம மொழிபெயர்ப்பின் கடைசி மெய்ப்பை அவளைத் தவிர யாரிடமும் கொடுக்க மாட்டேன் என்று பதிப்பாசிரியர் சொன்னபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பெருமைதான் வினையாக முடிந்தது.

அவளுடைய தம்பி லிஃப்ட் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை மட்டும், டயர் கடைக்கு மேல்மாடியில் முப்பது பேர் கூடும் ஒரு சபைக்குப் போதகர். நல்லவன், பிடிவாதக்காரன், இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் வீட்டில் இருப்பவர்களுக்கு நிம்மதி ஏது? மாற்கு எழுதிய சுவிசேஷத்தின் முடிவில், விசுவாசிகள் பாம்புகளைக் கையில் எடுப்பார்கள் என்று வருகிறதல்லவா? அதைச் சபையில் செய்தே காட்டப்போவதாகச் சொல்லத் தொடங்கியிருந்தான். சபைக்காரர் ஒருவர் கிடங்கில் பிடித்த நாகத்தைப் பெட்டியில் போட்டு வைத்திருந்தார். தம்பி மனைவி அழுது பார்த்தாள், சண்டை போட்டுப் பார்த்தாள், கடைசியில் அக்காவிடம் வந்து நின்றாள்.

அக்கா அவனை உட்காரவைத்துச் சொன்னாள்.

“அந்தக் கடைசிப் பன்னிரண்டு வசனமும் ரொம்பப் பழைய ரெண்டு கையெழுத்துப் பிரதிகள்ல இல்லடா. நம்ம பழைய மொழிபெயர்ப்பைச் செஞ்சவங்க கையில இருந்ததெல்லாம் பல நூறு வருஷம் பிந்தின பிரதிகள். புதுசா செய்யறவங்க கையிலதான் பழசு இருக்கு.”

“தலை சுத்துதுக்கா.”

“யாரோ பின்னால சேர்த்திருக்கலாம்னு படிச்சவங்க சொல்றாங்க. அவ்வளவுதான் விஷயம்.”

“அப்ப உங்க புத்தகத்துல அதை எடுத்துடுவீங்களா?”

“எடுக்க மாட்டாங்க. ஆனா வசனத்துக்குப் பக்கத்துல ஒரு நட்சத்திரம் இருக்கும். அடியில குறிப்பு இருக்கும்.”

அவன் மோவாயைத் தடவிக்கொண்டு யோசித்தான். “சரி. புத்தகம் வரட்டும். நட்சத்திரம் இருந்தா நான் பெட்டியைத் தொட மாட்டேன். இது நான் குடுக்கற வாக்கு.”

இல்லாவிட்டால் என்ன என்று அவள் கேட்கவில்லை. நட்சத்திரம் இல்லாமல் எப்படிப் போகும், மெய்ப்பு அவள் கையில் அல்லவா இருக்கிறது!

மாதிரிப் பக்கங்கள் வெளியே போனதும் நாலு பெரிய சபைகளிலிருந்து ஆட்கள் வந்து குதித்தார்கள். வேதத்தில் கைவைக்க நீங்கள் யார் என்று கேட்டார்கள். பதிப்பாசிரியர் பயந்த மனிதர். எல்லா அடிக்குறிப்புகளையும் தூக்கிப் புத்தகத்தின் பின்பக்கத்தில் சேர்த்துவிட்டார். குறிப்புகள் போய்விட்டன, நட்சத்திரங்கள் மட்டும் ஆயிரத்துச் சொச்சம், போக்கிடம் இல்லாமல் பக்கங்களில் நின்றன. குறிப்பு இல்லாத பக்கத்தில் குறி நிற்கக்கூடாது என்பது மெய்ப்புக்காரர்களுக்கு ரத்தத்தில் ஊறிய பழக்கம். அவள் சிவப்புப் பேனாவை எடுத்தாள். இரண்டு வாரத்தில் ஒன்று விடாமல் களையெடுத்தாள். பதிப்பாசிரியரே மேசைக்கு வந்து பாராட்டிவிட்டுப் போனார்.

புத்தகம் கடைக்கு வந்த மறுநாள் ஞாயிறு. காலையில் தம்பி மனைவி போன் செய்தாள்.

“அண்ணி, நேத்து புது வேதாகமம் வாங்கிட்டு வந்தாரு. ஒரே பக்கத்தையே பார்த்துட்டு இருந்தாரு. இப்ப சிரிச்சுக்கிட்டே சபைக்குக் கிளம்பிப் போறாரு. என்னண்ணி இருக்கு அதுல?”

எந்த வசனத்துக்குப் பக்கத்தில் எந்த நட்சத்திரம் என்று பார்க்காமல் அடித்துத் தள்ளியது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தன் பிரதியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

மாடியில் பாட்டு முடிந்து அமைதியாக இருந்தது. மேசைமேல் வலை அடித்த பெட்டி. தம்பி அதற்குப் பக்கத்தில் நின்றான். அவள் மூச்சிரைக்கப் போய்ப் புத்தகத்தின் பின்பக்கத்தை விரித்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“குறிப்பு இங்க இருக்கு பாரு. நட்சத்திரமும் இருந்துச்சு. நான்தான் அடிச்சேன். என் தப்புடா.”

அவன் குறிப்பை நிதானமாகப் படித்தான். “யாராவது அடிக்கச் சொன்னாங்களா?”

ஆமாம் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்கு வாயில் வரவில்லை. “இல்ல. நானாத்தான் அடிச்சேன்.”

“அடிக்கும்போது நான் சொன்னது ஞாபகம் இருந்துச்சா?”

“சுத்தமா மறந்துட்டேன்.”

“பதினெட்டு வருஷத்துல இப்படி மறந்திருக்கியா?”

“இல்லடா.”

அவன் முகம் மலர்ந்தது. சபையின் பக்கம் திரும்பினான். “கேட்டீங்களா? யாரும் சொல்லல. அவளுக்கே தெரியல. அந்தக் கையைப் பிடிச்சு அடிக்கவச்சது யாருன்னு இதுக்கு மேலயும் சந்தேகம் இருக்கா?”

அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். அவன் அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல், விலக்கினான். பிறகு சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டான். முப்பது பேரும் எழுந்து நின்றார்கள். அவர்கள் பெட்டியைப் பார்க்கவில்லை; கண்ணீர் மல்க அவளைத்தான் நன்றியோடு பார்த்தார்கள்.