இரண்டு எழுத்தும் ஒரு புள்ளியும்

என் பெயர் மிஸ்டர். மரியாதைக்குச் சேர்த்துக்கொண்டதல்ல, பெயரே அதுதான். முழுப் பெயர் மிஸ்டர் லட்டிமோர். அமெரிக்காவின் அலபாமாவில் கறுப்பர்களான எங்கள் ஆட்களை, பல் விழுந்த கிழவரானாலும் சரி, வெள்ளைக்காரர்கள் 'டேய் பையா' என்று கூப்பிட்ட காலத்தில் அப்பா யோசித்து வைத்தது. எவன் கூப்பிட்டாலும் மரியாதை தானாக விழ வேண்டுமாம். ஊர் வெள்ளைக்காரர்கள் அப்பாவைவிடக் கெட்டிக்காரர்கள். குடும்பப் பெயரை நறுக்கி 'லட்டி' ஆக்கிவிட்டார்கள்.

போன நவம்பரில் ஓட்டுப் போட எங்கள் தேவாலயத்தின் கீழ்த்தளத்து வாக்குச்சாவடிக்குப் போனேன். வரிசை மெக்சிகோ எல்லையில் ஆரம்பித்திருந்தது. மேசைக்கு வரும்போது மணி ஆறே முக்கால். ஏழுக்குக் கதவு அடைப்பார்கள்.

தலைமை அதிகாரி ஓசெல்லா, எங்கள் பாடகர் குழுக்காரி, என் அடையாள அட்டையையும் பட்டியலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அண்ணே, அட்டையில மிஸ்டர் லட்டிமோர். லிஸ்டுல வெறும் லட்டிமோர். முன்னால பேரே இல்ல. பட்டம்னு நெனச்சு கம்ப்யூட்டர் தூக்கிருச்சு."

"உன் கல்யாணத்துல நான் ஆடுன ஆட்டத்த அதுகிட்ட சொல்லு. ஆள் யாருன்னு புரிஞ்சுக்கும்."

"சிரிக்காதீங்க. இப்ப சரி பண்ணலேன்னா உங்க ஓட்டு தனி உறையில போயிரும். எண்ணுவாங்களா மாட்டாங்களான்னு நானே சொல்ல முடியாது."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு வழி இருந்தது. இரண்டு அதிகாரிகள் 'இவரைத் தெரியும்' என்று முழுப் பெயரோடு எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஓசெல்லா உடனே எழுதினாள். அங்கிருந்த இன்னொரு அதிகாரி வெள்ளைக்காரன் டெல்பர்ட் ஸ்ட்ரிங்கர்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்தில் ஓட்டர் பட்டியலில் பேர் சேர்க்கப் போனபோது மேசைக்குப் பின்னால் இருந்தவர் டெல்பர்ட்டின் அப்பா. "நீதிமன்றக் கூரையில எத்தனை ஓடு, சொல்லு பையா" என்றார். எங்களைத் திருப்பியனுப்ப அப்போது வைத்த பரீட்சை அது. ஒன்பதாயிரத்துப் பதினேழு என்றேன். சிரிக்கவில்லை. படிவத்தில் என் பெயரைப் பார்த்ததும் அதைக் கிழித்துப்போட்டார். எங்களுக்கான ஓட்டுரிமைச் சட்டம் வந்து, வாஷிங்டனிலிருந்து அரசாங்க ஆள் வந்து எழுதிய பிறகுதான் எனக்கு ஓட்டு.

"டெல்பர்ட், எழுது" என்றாள் ஓசெல்லா.

டெல்பர்ட் பேனாவைத் திறந்தான். மூடினான். காது சிவந்துவிட்டது. மணி ஆறு ஐம்பத்து மூன்று. பின்னால் யாரோ இருமினார்கள்.

"ஐம்பது வருஷமா இவன எனக்குத் தெரியும். லட்டின்னு எழுதுனா போதாதா?"

"போதாது."

குனிந்தான். இரண்டு எழுத்து, ஒரு புள்ளி. 'Mr.'

ஓசெல்லா தாளைத் திருப்பித் தள்ளினாள். "அது பட்டம். பேரு ஆறெழுத்து, Mister."

அவன் பேனா காகிதத்துக்கு மேல் நின்ற நேரத்தில் ஒரு பருத்திச் செடி முளைத்துக் காய் வெடித்திருக்கும். பிறகு ஒவ்வோர் எழுத்தாக இறக்கினான்.

"எனக்குக் காது மந்தம், கண்ணும் சரியில்ல" என்றேன். "நீ என்ன எழுதிருக்கேன்னு கொஞ்சம் படிச்சுக் காட்டு."

ஓசெல்லா உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவன் என்னை நேராகப் பார்த்தான்.

"மிஸ்டர் லட்டிமோர்."

இளம்பெண் அழைத்ததுபோலத் துள்ளிப் போய் ஓட்டுப் போட்டேன். சட்டையில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு படியேறும்போது பின்னால் டெல்பர்ட்டின் குரல் கேட்டது.

"ஏய் லட்டி, கைத்தடிய விட்டுட்டுப் போற."

அறுபது வருஷத்துக்கு ஒரு தடவைதான் அந்த வீட்டு வாயில் 'மிஸ்டர்' வரும் போல. அடுத்ததற்கு எனக்கு நூற்று நாற்பத்தொன்று ஆகும். இறங்கிப் போய்க் கைத்தடியை வாங்கிக்கொண்டேன். அதுவரை நடக்க வேண்டுமே.